செவ்வெறும்புக் கிடங்கும் மலையணிலும்

பூரணி என்ற மலையணில் ஒரு காட்டின் விதைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டது.

மழைக்காலம் வந்துவிட்டால் அந்தக் காட்டில் எதுவும் பழுக்காது. ஓடை பெருகிவிடும், அக்கரைக்கும் போக முடியாது. கிடங்கில் இருப்பதுதான் எல்லார் வயிற்றுக்கும். அதனால் பூரணிக்குப் பெரிய மரியாதை. அந்த மரியாதை பூரணிக்கும் தெரியும். கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

கிடங்கு முதலில் ஒரு பழைய மருதமரப் பொந்தில் இருந்தது. உள்ளே வேலை செய்தது ஒரு தேவாங்கு. அது அசைவதே பெரிய விஷயம்! பூரணி எதைச் சொன்னாலும் மெல்ல எடுத்து வந்து வாசலில் வைக்கும். பிறகு காத்திருக்கும். பூரணி வாலால் கிளையைத் தட்டி, "சரி!" என்றால்தான் மேற்கொண்டு நடக்கும். "வேண்டாம்!" என்றால் எல்லாம் இருந்த இடத்துக்கே திரும்பிவிடும்.

இப்படியே பழகிய பூரணி எதையும் பாதிதான் சொல்லும். வாசலில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லும்.

அந்த ஆண்டு மருதமரத்தைக் கரையான் அரித்துவிட்டது. கிடங்கு ஓடைக்கரைக் குகைக்கு மாறியது. "அந்தக் குகை வாசல் அகலம், வெளிச்சம் எனக்கு ஆகாது" என்று தேவாங்கு வர மறுத்துவிட்டது. குகையில் வேலை செய்யச் செவ்வெறும்புகள் வந்தன.

இடம் மாற்றும்போது பூரணி தன் வழக்கப்படி ஒவ்வொரு குவியலையும் இரண்டாகப் பிரித்தது. ஒரு பங்கைக் குகைக்கு அனுப்பியது. மறுபங்கை மேட்டில் நின்ற ஆலமரப் பொந்தில் வைத்துக் களிமண்ணால் அடைத்தது.

வீரபாகு என்ற குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பாருங்கள் கூத்தை! கண்ணுக்கு முன்னால் குகை இருக்கிறது. இது மேட்டுக்குச் சுமக்கிறது! உனக்கு உன் நிழல் மேலாவது நம்பிக்கை உண்டா?"

"நிழல் மேல் உண்டு. பாறை மேல் இல்லை!" என்றது பூரணி.

எறும்புகளின் தலைவி செம்பி ஓடிவந்தது. "அக்கா, எங்கள் வேலைமுறையை ஒருதரம் சொல்லிவிடட்டுமா? தேவாங்கு மாதிரி நாங்கள்..."

"எனக்கா சொல்லப்போகிறாய்?" பூரணி வாலைச் சிலுப்பியது. "நீ முட்டையில் இருந்தபோதே நான் கிடங்கு பார்த்தவள்! விதை விதைதான், கிடங்கு கிடங்குதான். போ, போ!"

செம்பி போய்விட்டது. அனுபவம் இருந்தால் காதை மூடிக்கொள்ளலாம் என்று எந்தக் காட்டுச் சட்டம் சொல்கிறது? ஆனால் பூரணி மூடிக்கொண்டதே!

முதல் இடி இடித்தது. குகைக்குள் புழு நெடி அடித்தது. எங்கோ சில விதைகள் கெட்டுவிட்டன. அவற்றைக் களைந்துவிட வேண்டும் என்று பூரணி நினைத்தது. வாசல் பாறையில் வசதியாக உட்கார்ந்தது.

"விதைகளை ஓடையில் கொட்டுங்கள்!" என்றது.

பிறகு பேச்சை நிறுத்திவிட்டு வாலைக் கோதியது. விதைகள் வாசலுக்கு வரட்டும், பார்த்துவிட்டு 'புழு அரித்தவை மட்டும்' என்று சொல்லலாம் என்று இருந்தது.

சளசளவென்று ஒரு சத்தம் கேட்டது.

பூரணி நிமிர்ந்து பார்த்தது. ஓடை முழுக்க விதை மிதந்தது!

"ஐயோ! வேண்டாம்! வேண்டாம்!"

எறும்புகள் சட்டென்று நின்றன. ஆனால் நிறுத்தி என்ன? குகையில் ஒரு விதைகூட மிச்சமில்லை.

"என்ன காரியம் செய்தீர்கள்!" என்று கத்தியது பூரணி.

"நீங்கள் சொன்ன காரியம்!" என்றது செம்பி.

"நான் சொல்லி முடிக்கவே இல்லையே!"

"முடிக்கவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பாதி சொல்லிவிட்டு வாலைக் கோதினால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்போம்?"

"நான் 'சரி' சொன்னேனா? தட்டினேனா?"

"இங்கே தட்டவே வேண்டாம் அக்கா! சொன்னதும் செய்வோம். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். போ, போ என்றீர்கள்!"



சத்தம் கேட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். அப்போதுதான் குட்டி போட்டிருந்த முத்தாயி என்ற முள்ளம்பன்றியும் வந்தது. வெற்றுக் குகைக்குள் எட்டிப் பார்த்தது. "பூரணியக்கா, என் குட்டிகளுக்கு மழை முடியும்வரை என்ன கொடுப்பேன்?"

"இனிமேல் கிடங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்று வீரபாகு முன்னால் குதித்தது. எல்லாருக்கும் பயம் இரண்டு மடங்காகியது.

"மேட்டுப் பொந்து..." என்றது பூரணி.

"அதுவா? இந்த ஈரத்துக்கு அது முளைத்தே போயிருக்கும்!" என்றது வீரபாகு.

அதே பயம் பூரணிக்கும் இருந்தது. பழைய இடத்தில் இருந்தபோது அடிக்கடி மறுபங்கைத் திறந்து, கடித்துப் பார்த்துவிட்டு மூடும். இடம் மாறிய அலைச்சலில் இந்த முறை அதைச் செய்யவில்லை.

எல்லாரும் மேடேறினார்கள். தூறல் விழுந்தது. பூரணி ஆலமரத்தில் ஏறிக் களிமண்ணைக் கொத்தியது. உள்ளே கைவிட்டு ஒரு விதையை எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தது.

'நறுக்'!

"காய்ந்திருக்கிறது!" என்று அலறியது பூரணி. "முத்தாயி, காய்ந்திருக்கிறது!"

முத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. "அப்பாடா! என் வயிற்றில் பாலை வார்த்தாய்!"

அளந்து பார்த்தார்கள். விருந்துக்குக் காணாது, மழைக்காலத்துக்குக் காணும். வீரபாகு தனக்கு ஏதோ அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுத் தாவியது.

பூரணி கிளையிலிருந்து இறங்கியது. நேரே செம்பியிடம் போனது. "அன்றைக்குச் சொல்ல வந்ததை இப்போது சொல். முதலிலிருந்து சொல்."

செம்பி சொன்னது. "'காட்டுங்கள்' என்று முதலில் சொன்னால் வாசலில் வைத்துக்கொண்டு நிற்போம். 'முடியுங்கள்' என்றால்தான் கொட்டுவோம். 'காட்டுங்கள்' என்று சொல்லாவிட்டால், சொன்னதை ஒரே மூச்சில் செய்துவிடுவோம்."

"இவ்வளவுதானா!"

"இவ்வளவுதான் அக்கா!"

"இவ்வளவைக் கேட்கவா எனக்குக் காது வலித்தது!" என்று பூரணி தலையில் அடித்துக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். பூரணிக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சில் இருந்த பாறை எங்கோ உருண்டு போய்விட்டது.

மேட்டுப் பொந்திலிருந்து விதைகள் குகைக்கு வந்தன. இந்த முறையும் ஒரு பங்கு மேட்டிலேயே தங்கியது. பூரணி வாசலில் நின்று, "காட்டுங்கள்!" என்றது. எறும்புகள் விதைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. பூரணி ஒவ்வொன்றாகப் பார்த்தது. "புழு அரித்தவை மட்டும் போகட்டும். முடியுங்கள்!"

ஒரு கைப்பிடி விதைதான் ஓடையில் விழுந்தது.

செம்பி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தது. "அக்கா, ஒன்று கேட்கட்டுமா? எங்கள் முட்டைகள் எல்லாம் ஒரே புற்றில்தான் இருக்கின்றன. எங்களுக்கும் ஒரு மேட்டுப் பொந்து பார்த்துத் தருவீர்களா?"

"வா, இப்போதே போகலாம்!" என்றது பூரணி.

புது இடத்துக்குப் போகும்போது பழைய முன்ஜாக்கிரதையைக் கூடவே கொண்டுபோக வேண்டும், 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்பதை மட்டும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.