விமானக்காரர் இறங்கிய இடம்

“பதினோரு வருஷம் ஆச்சும்மா. ஒருத்தர்கூடத் தேறலை” என்றார் நயினார்.

உலகம்மை அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரு தேறலை?”

“என் குழு ஆட்கள்தான். நாற்பத்திரண்டு பேர். நான் இல்லைன்னா ஒரு துரும்பு நகராது.”

ஆறுமுக நயினார் விமானப்படையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். அதில் பாதியை, பறக்க வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் கழித்தவர். விங் கமாண்டராக ஓய்வு பெற்றதும், ஆறு கடலில் சேரும் சொந்த ஊருக்குத் திரும்பி ஒரு தொண்டுக் குழுவை ஆரம்பித்தார். இரண்டு ஆம்புலன்ஸ், ஒரு படகு, வெள்ளம் வந்தால் ஊருக்கே சமைக்க ஒரு கூடம். நல்ல மனுஷர். அவரால் பிழைத்தவர்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு.

உலகம்மை அம்மா மலையடிவாரத்தில் கஞ்சி ஊற்றுகிறவர். யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. கேள்வியோடு வருகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். வேலை முடிவதற்குள் பலருக்குக் கேள்வியே மறந்துபோகும்.

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு நாற்பத்து நான்கு. அதைப் பற்றி இருவருக்கும் கவலை இல்லை.

“திங்கட்கிழமை நெஞ்சைத் திறக்கப் போறாங்க. மூணு மாசம் படுக்கைன்னு டாக்டர் சொல்லிட்டார். எழுந்திருப்பேனான்னே தெரியாது. யார் கையில கொடுத்துட்டுப் படுக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

நயினாரின் போன் அடித்தது.

“சார், நாளைக்குக் குழுக் கூட்டத்துச் சாம்பாருக்குப் பூசணியா, முருங்கையா?”

“பூசணி.”

வைத்துவிட்டு, “பாத்தீங்களாம்மா?” என்றார். சலிப்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சலிப்பில் ஒரு சொட்டுப் பெருமையும் இருந்தது. அம்மா அதைக் கவனித்தார்.

“எந்திரிங்க விமானக்காரரே. பந்தி உக்காந்தாச்சு. கஞ்சி ஊத்துங்க.”

கொட்டகையில் இருபது பேர் தட்டோடு இருந்தார்கள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டார். கரண்டியை நீட்டினார்.

“ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்” என்று சொல்லி வாங்கினார் நயினார். சொன்ன பிறகுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது.

“அது என்ன மந்திரம்?”

“பழக்க தோஷம்மா. பழகுற விமானத்துல வாத்தியாருக்கும் கத்துக்கிறவனுக்கும் தனித்தனியா பிடி உண்டு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பிடிச்சு இழுத்தா ஆபத்து. அதனால கொடுக்கிறவர் ‘யூ ஹேவ் கண்ட்ரோல்ஸ்’னு சொல்லணும். இனி உன் பொறுப்புன்னு அர்த்தம். வாங்கிறவர் ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்’னு சொல்லணும். அதுக்கப்புறம் கொடுத்தவர் கை அதுல இருக்கக் கூடாது. எங்க குழுவுலகூட ஸ்ட்ரெச்சர் கைமாத்தும்போது இதைச் சொல்லுவாங்க.”

“நல்ல வழக்கம்” என்றார் அம்மா.

ஆனால் கரண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

நயினார் மொண்டார். அவர் கைமேல் அம்மாவின் கை. அவர் வலப்பக்கம் சாய்த்தால் அம்மா இடப்பக்கம் இழுத்தார். முதல் தட்டில் பாதி தரையில் போனது. இரண்டாவது ஆளுக்கு மடியில் கொட்டியது. மூன்றாவது ஆள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “சாமி, நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்” என்றார்.

“கையை எடுங்கம்மா! நான் ஊத்திக்கிறேன்.”

“சிந்திட்டீங்கன்னா?”

“சிந்தினா துடைச்சுக்கலாம். நீங்க பிடிச்சிருக்கிற வரைக்கும் எனக்கு எப்படி வரும்?”

அம்மா கையை எடுத்துவிட்டார்.

பந்தியில் ஒருவர் சிரித்தார். நயினார் சிரிக்கவில்லை. மிச்சம் பதினேழு பேருக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றி முடித்தார். பிறகு கரண்டியை வாளியில் போட்டார். போட்ட வேகத்தில் கோபம் தெரிந்தது.

“புரியுதும்மா. விட்டுடுன்னு சொல்றீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“கஞ்சி சிந்தினா துடைக்கலாம். உயிர் சிந்தினா?”

அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

“யாரு உயிரு?”

பந்தி எழுந்து போய்விட்டது. கொட்டகையின் தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

“பரூவான்னு ஒரு பையன். அஸ்ஸாம்காரன். என்கிட்டப் பறக்கக் கத்துக்கிட்டவன். முதல் தடவை தனியாப் பறக்கிற நாள்னு ஒண்ணு வரும். அன்னைக்கு வாத்தியார் கூடப் போய் ரெண்டு சுற்றுச் சுற்றிட்டு, விமானத்தை விட்டு இறங்கிடணும். அவன் தனியா ஏறிப்போய் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கணும். நான் இறங்கினேன். அவன் போனான்.”

“சரி.”

“திரும்பலை.”

அம்மா அவர் எதிரே உட்கார்ந்தார்.

“எந்திரக் கோளாறா, அவன் தப்பா, கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியலை. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நான் உள்ளே இருந்திருந்தா என் கை அங்கே இருந்திருக்கும். அன்னைக்கு எனக்கு இருபத்தெட்டு வயசு. இன்னைக்கும் அந்த இருக்கை காலியா இருக்கிற மாதிரியே தோணுதும்மா.”

சொல்லி முடித்ததும் அழுதார். முப்பத்தைந்து வருஷம் கழித்து அழுகிறவருக்கு அழுகை சரியாக வருவதில்லை. இருமல் போல வந்தது.

அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். குடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

“மறுநாள் என்ன செஞ்சீங்க?”

“மறுநாளா?”

“ஆமா. அதுக்கு மறுநாள்.”

“மறுநாள் காலையில பறக்கணும். அதுதான் எங்க வழக்கம். ஒருத்தன் விழுந்தா, அடுத்த நாள் எல்லாரும் பறந்தே ஆகணும். ஒரு நாள் விட்டா பயம் உள்ளே குடிவந்துடும். அன்னைக்கு ஓம்கார்னு ஒருத்தன் முறை. ரெண்டு சுற்றுப் போனோம். என் கால் வெடவெடன்னு ஆடுச்சு. அவன் பாக்கக் கூடாதுன்னு முழங்காலைக் கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன்.”

“பொறவு?”

“இறங்கினேன்.”

“ஏன்?”

“இறங்கலைன்னா அவன் என்னைக்கும் விமானி ஆக மாட்டான்மா. நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் அவன் பயணிதான்.”

“அந்த ஓம்கார் என்ன ஆனாரு?”

“நல்லா இறக்கினான். பின்னாடி அவனே நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தான். போன வருஷம்தான் ஓய்வு பெற்றான்.”

“அவ்வளவு பயத்துலயும் அன்னைக்கு இறங்குனீங்களே” என்றார் அம்மா. “மறுபடி எப்ப ஏறி உக்காந்தீங்க?”

நயினார் பதில் சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது.

“சார், வண்டி டயருக்குக் காத்து அடிச்சிரட்டுமா?”

“அடி” என்று சொல்லிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். “அங்கே இறங்குன்னு ஒரு உத்தரவு இருந்துச்சும்மா. இங்கே எனக்கு யாரும் உத்தரவு போடலை.”

“அதை வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?”

“ஆமா.”

“நான் போட மாட்டேன்” என்றார் அம்மா. வாளியைக் கழுவப் போய்விட்டார்.

தூறல் வலுத்தது. மலைமேல் எங்கோ காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். காலையில் ஊரில் வானம் பளிச்சென்று இருந்ததைப் பார்த்துத்தான் நயினார் கிளம்பி வந்திருந்தார்.

மூன்றாவது முறை போன் அடித்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. பிலோமினா. குழுவில் எட்டு வருஷமாக இருப்பவள். தையல்காரி. படகைக் கரைக்குக் கொண்டுவருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று நயினாரே பிறரிடம் சொல்வார், அவளிடம் சொன்னதில்லை.

“சார், ஆத்துல தண்ணி ஏறிருச்சு சார்! மளமளன்னு வருது. ஆத்து நடுத் தீவுல ஏழு வீடு. பாலம் முங்கிருச்சு. படகை இப்ப எறக்கவா, போலீஸு படகு வரட்டும்னு நிக்கவா? எறக்குனா இழுத்துட்டுப் போயிருமோன்னு இருக்கு. நின்னா அந்தப் பக்கம் சனம்... சொல்லுங்க சார்!”

நயினார் எழுந்துவிட்டார்.

“தண்ணி எவ்வளவு உயரம்? கோயில் படி தெரியுதா? ஓட்டம் எந்தப் பக்கமா இழுக்குது? மரம் கிரம் வருதா? நீ கேமராவைத் திருப்பு, நான் பாக்கறேன்...”

அம்மா வாளியோடு வந்து எதிரே நின்றார். ஈரக் கையை நீட்டி, போனைப் பிடித்திருந்த அவர் கைமேல் வைக்கப் போவதுபோல் கொண்டுபோனார். ஒரு விரல்கடை இடைவெளியில் நிறுத்தினார்.

தொடவில்லை.

பழக்குகிற வாத்தியார்கள் கையை அப்படித்தான் வைத்திருப்பார்கள். நயினார் ஆயிரம் தடவை வைத்திருக்கிறார்.

அம்மா அந்தக் கையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

“சார்? கேக்குதா சார்?”

நயினாரின் கால் ஆடியது. முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“பிலோமினா.”

“சார்.”

“தண்ணி உன் கண்ணு முன்னால இருக்கு. என் கண்ணு முன்னால இல்லை. நீ நில்லுன்னாலும் சரி, இறக்குன்னாலும் சரி. நீ சொல்றதுதான் முடிவு.”

“சார், நானா? எப்படி சார்...”

“யூ ஹேவ் கண்ட்ரோல்ஸ்.”

அந்தப் பக்கம் ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ தூரத்தில் கத்தினார்கள். நயினார் அவசரப்படுத்தவில்லை. வாங்கிக்கொண்டேன் என்று மறுபக்கம் சொல்லாதவரை கைமாறியதாகக் கணக்கில்லை.

“ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ், சார்” என்றாள் பிலோமினா.

போன் நின்றது.

நயினார் அதை அடுப்பு மேடைமேல் வைத்தார். கொட்டகையை விட்டு வெளியே வந்தார். வாசலுக்கு எதிரே நனைந்த புல்தரை. அதில் போய், தூறலில், சட்டை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தார். கண் மட்டும் வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு ஓம்கார் ஒரு சுற்றுச் சுற்றி இறக்க எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஏழு நிமிஷம்மா.”

“அந்த ஏழு நிமிஷமும் நீங்க என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலை. புல்லுல இருந்தேன்.”

அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

“இருப்போம்” என்றார்.