மேனேஜர் பிரித்த இரண்டு பிரிவு

மேனேஜர் வரதராஜுலு ஆபீசில் ஃபேன்டஸி கிரிக்கெட் லீக் நடத்துவார். நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு டீம் கட்ட வேண்டும்; நிஜ மேட்சில் அவர்கள் ஆடுவதற்கு ஏற்பப் பாயிண்ட். எட்டு டீம், இரண்டு பிரிவு. பிரிவில் முதலாவதாக வருகிறவர் ஃபைனலுக்குப் போவார். மேட்சுக்கு மேட்ச் டீமில் ஆள் மாற்றவே மறந்துபோகிற மூன்று அப்பாவிகளைத் தன் பிரிவில் போட்டுக்கொண்டு, வருஷா வருஷம் ஃபைனலில் போய் உட்கார்ந்துவிடுவார்.

இந்த வருஷம் முணுமுணுப்பு கிளம்பியதும், எதிர்ப் பிரிவிலிருந்த டிரைவர் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார். "நான் பிரிச்சது நியாயம்னு எல்லாரையும் ஒத்துக்க வை. இல்லேன்னா கார் சாவியை வச்சுட்டுக் கிளம்பு!"

பேச்சிமுத்து எல்லாரையும் கூட்டினான். "சார், ரெண்டு பிரிவும் சமம்தானே?"

"தராசுல வச்ச மாதிரி!"

"அப்போ நாம ரெண்டு பேரும் இடம் மாறிக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சிடாதே?"

மேனேஜர் துள்ளி எழுந்தார். "அய்யய்யோ, அங்க முழுக்கப் புலிங்கய்யா!"

ஆபீசே சிரித்தது. இப்போதும் பிரிப்பவர் மேனேஜர்தான். அவருக்கு எந்தப் பிரிவு என்று கடைசியில் சொல்வது மட்டும் பேச்சிமுத்து.