சக்கரக்காரியும் சாவடிச் சீட்டும்

வெகுகாலத்துக்கு முன்னால் மருதங்காவு நாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். இன்று ஒன்றைத் தொடங்குவான், நாளை மறந்துவிடுவான். பிழைக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு வேலை தேடித்தர ஒரு சாவடி வேண்டும் என்று மந்திரி நன்னன் சொன்னார். ராசா அன்றே திறந்துவைத்து, முத்திரையைத் தண்டபாணியார் என்ற பிரபுவிடம் கொடுத்துவிட்டான்.

யோசனை மந்திரியுடையது என்பதே தண்டபாணியாருக்கு வயிற்றெரிச்சல். சாவடி உருப்படக்கூடாதென்று ஒரு விதி போட்டார். வேலை கேட்பவர் இந்த ஊரில் தாம் வேலை செய்ததைக் கண்ட உள்ளூர்க்காரர் ஒருவரின் சாட்சியைக் கொண்டுவந்தால்தான் வேலைச் சீட்டு. சீட்டில்லாமல் கூலி வாங்கினால் ஊரைவிட்டே வெளியேற வேண்டும்.

அங்கே வந்து மாட்டிக்கொண்டாள் பூவாயி. வண்டிச் சக்கரம் செய்வதில் கைதேர்ந்தவள். வெள்ளத்தில் வீடு போய், நடக்க முடியாத புருஷனோடு வந்திருந்தாள். சத்திரத்தில் பத்து நாள்தான் தங்கலாம். ஏழு நாள் சாவடி வாசலிலேயே போனது. வேலை செய்யாமல் சாட்சிக்கு எங்கே போவது என்று கேட்டால், சாட்சி இல்லாமல் வேலை எப்படித் தருவது என்றார்கள். நாளைக்கு வா என்பார்கள். போனால், நேற்றே வந்திருக்கலாமே என்பார்கள்.

எட்டாம் நாள் மந்திரியின் பல்லக்கை வழிமறித்தாள். "ஐயா, வேலைகூட வேண்டாம். சத்திரத்தைவிட்டு இறக்கினால் என் புருஷனை எந்த மரத்தடியில் கிடத்துவதென்று மட்டும் எழுதித்தரச் சொல்லுங்கள்."

மந்திரிக்கு வெட்கமாகிவிட்டது. தண்டபாணியார் வீட்டெதிர் மேட்டில் தினம் ஒரு வண்டியாவது முறியும், அதைச் சும்மா சரிசெய்து கொடு, எதுவும் வாங்காதே என்று சொல்லியனுப்பினார்.

மறுநாள் பூவாயி அப்படியே செய்தாள். மாடியிலிருந்து பார்த்த தண்டபாணியார் அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராசா, சீட்டில்லாமல் ஒருத்தி வேலை செய்கிறாள். என் கண்ணால் பார்த்தேன். மூன்று ஆரக்கால் முறிந்த சக்கரம். உச்சிவேளைக்குள் புதிதாகச் செதுக்கி மாட்டி, நெல்மூட்டையோடு வண்டியை மேடேற்றிவிட்டாள்."

அதை அப்படியே எழுதவைத்த மந்திரி, முத்திரை வைக்கச் சொன்னார். பெருமையாக வைத்தார் தண்டபாணியார். பிறகு பூவாயியையும் வண்டிக்காரனையும் அழைத்து விசாரித்தார்கள். கொடுத்த கஞ்சியைக்கூட அவள் வாங்கவில்லை என்றான் அவன்.

"கூலி வாங்காததால் குற்றமில்லை, மகாராசா. ஆனால் சாட்சி கிடைத்துவிட்டது. உள்ளூர்க்காரர், கண்ணால் கண்டவர், முத்திரையும் வைத்திருக்கிறார்" என்றார் மந்திரி.

ராசா விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் கேட்டான்: "தண்டபாணியாரே, சாவடியில் நீர் வேலை செய்ததைக் கண்ட ஒருவரைக் கூட்டிவாரும்."

முத்திரை அப்போதே மந்திரியிடம் கைமாறியது. பூவாயிக்குத் தேர்க்கொட்டிலில் வேலையும், பக்கத்திலேயே வீடும் கொடுக்கச் சொன்னான் ராசா.

அவள் கும்பிட்டாள், ஆனால் நகரவில்லை. "சாவடி வாசலில் இன்னும் பதினாறு பேர் நிற்கிறார்கள், மகாராசா. அவர்களும் களைத்துவிட்டார்கள்."

மந்திரியே போய், சாட்சி விதியை நீக்கிவிட்டுச் சாவடியில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அந்தச் சாவடி முதல் சீட்டை எழுதியது. பொழுது சாய்வதற்குள் பதினேழு எழுதிவிட்டது.