குளத்துக்காகப் பேசிய பாட்டில்

வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு மீன்குளம் இருந்தது. லேசில் கோபப்படாத குளம். அதையே ஒரு அரை லிட்டர் பாட்டில் பாடாய்ப் படுத்திவிட்டது.

குளத்துக்காரர் மாசிலாமணி தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போன அன்று வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். சேற்றில் இறங்க மனமில்லை. போர்வெல் தண்ணீர் வந்து விழுகிற குழாய் வாயில், கரையில் நின்றபடியே பாட்டிலை நிரப்பிக்கொண்டார். நாலைந்து நாளில் பாட்டிலும் ஒரு காகிதமும் கரைக்குத் திரும்பின.

"மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. உரமிடவும்" என்றது காகிதம்.

குளத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாருக்குக் குறைவு?"

"உனக்குத்தான். நேரிலேயே பார்த்தேனே" என்றது பாட்டில்.

"எங்கே பார்த்தாய்? நடுவுக்கு வந்தாயா? அடிக்கு இறங்கினாயா? நீ அள்ளிப் போனது அப்போதுதான் பூமிக்குள்ளிருந்து வந்த தண்ணீர். அதற்கு என்னைத் தெரியவே தெரியாது!"

"மூன்று வருடமாக உரமென்று கொட்டிய சாணம் என் வயிற்றில் கிடக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்று அடியிலிருந்து சேறு முனகியது.

"கரைந்திருந்த சத்தையெல்லாம் நான் தின்று கொழுத்திருக்கிறேன். என்னையும் கேட்கவில்லை" என்றது பச்சைப் பாசி.

"எனக்கு ஒரு முழுக்கு போதும்" என்றது பாட்டில். இதனிடம் என்னத்தைப் பேசுவது என்று குளம் நொந்துபோனது.

அதற்குள் உரக்கூடையோடு வந்த மாசிலாமணியை அவர் மனைவி ராசாம்பாள் மறித்தாள். "தண்ணி பச்சப்பசேல்னு கெடக்கு, இன்னும் என்னங்க சத்து வேணும்? வேற எடத்துல நாலுதரம் மொண்டு குடுத்துப் பாருங்க."

"காயிதத்துல அச்சடிச்சே குடுத்துருக்கான். உன் கண்ணு என்ன மிசினா? தள்ளு."

"கொட்டாதீர்கள்! என் மீன்களுக்கு மூச்சு முட்டும்!" என்று குளம் அலறியது. அவர் காதில் அது வெறும் அலைச் சத்தமாகத்தான் விழுந்தது. சூப்பர் பாஸ்பேட்டும் சாணமும் கூடை கூடையாக இறங்கின.

பாசி கண்மண் தெரியாமல் பெருத்து, இரவில் தண்ணீரிலிருந்த மூச்சுக்காற்றையெல்லாம் தானே குடித்தது. ஒரு வாரம் கழித்து விடிகிற நேரத்தில், தண்ணீரில் மூச்சு இல்லாமல் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. வெயில் ஏறுவதற்குள் கெண்டையும் கட்லாவும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. ராசாம்பாள் கரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மாசிலாமணி பதறிப்போய் வீட்டுக்கு ஓடி, அதே பாட்டிலை எடுத்து வந்தார். குழாய் வாயில் மிதந்த கட்லாவை இடது கையால் ஒதுக்கிவிட்டு, அங்கேயே பாட்டிலை அமுக்கினார்.

"கவலைப்படாதே, உன் நிலைமையை நான் போய்ச் சொல்கிறேன்" என்றது பாட்டில்.