வயிற்றுக்குள் வந்த விருந்தாளிகள்

பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடுகிற மடம் அது. நடத்துகிறவர் உமையாள் அம்மாள். வயது நாற்பதுதான். அவருடைய சீடர் வைரவனுக்கோ ஐம்பத்தேழு. மூத்தவர் என்பதால் அவரை 'அண்ணே' என்றுதான் அம்மாள் கூப்பிடுவார். திட்டினாலும் அண்ணேதான்.

வைரவன் தங்கமான மனிதர். எடைதான் நூற்றுப் பதினெட்டு கிலோ.

போன ஆண்டு மனைவி மீனாளுக்குப் பெரிய ஆபரேஷன். "பிழைச்சு வந்துட்டாள்னா தைப்பூசத்துக்கு நடந்தே வர்றேன் முருகா" என்று வேண்டிக்கொண்டார். மீனாள் பிழைத்து வீடு வந்தார். ஆனால் டாக்டர் இவருடைய முழங்கால் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பத்து கிலோ குறைங்க. இல்லைன்னா பஸ்ல போங்க."

மருந்துக்கடையில் ஒரு மாத்திரை கிடைத்தது. குடலுக்கு நல்லது செய்கிற கிருமிகளாம், எடையும் குறையுமாம். ஒரு மாத்திரையில் ஆயிரம் கோடி. அடேயப்பா! வைரவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. வடை தின்றால் ஒரு மாத்திரை, பூரி என்றால் இரண்டு. பாவத்துக்குப் பரிகாரம் செய்கிற மாதிரி விழுங்கினார். இலையில் விழுந்த வாழைத்தண்டுப் பொரியலை மட்டும் பத்திரமாக ஓரத்தில் ஒதுக்கிவைத்தார்.

இரண்டு மாதம் போயிற்று. எடை இம்மியும் நகரவில்லை.

"தினமும் ஆயிரம் கோடிப் பேரை உள்ளே அனுப்புறேனேம்மா. எங்கேதான் போறாங்க?"

அம்மாள் வாசலைக் காட்டினார்.

"இன்னிக்கு வாசல் உங்க பொறுப்பு அண்ணே. வர்றவங்களைக் கூப்பிட்டு உட்கார வைங்க. இலையைப் போடுங்க. நான் சொல்ற வரைக்கும் எதையும் பரிமாறாதீங்க."

ஆடிக் கிருத்திகைக்குப் போகிற பன்னிரண்டு பேர் வந்தார்கள். கால் கழுவி உட்கார்ந்தார்கள். இலையைப் பார்த்தார்கள், வைரவனைப் பார்த்தார்கள். அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு நின்றார். அரை மணி ஆனதும் ஒருவர் துண்டை உதறி எழுந்தார். பின்னாலேயே மற்றவர்களும் எழுந்து போய்விட்டார்கள்.

வைரவனுக்கு மானமே போயிற்று. உள்ளே ஓடினார்.

"என்னம்மா இது? வாங்க வாங்கன்னு கூப்பிட்டு வெறும் இலையைக் காட்டினா எவன் தங்குவான்?"

"அடுத்த மடத்துல சொல்லி வச்சிருக்கேன். அவங்க அங்கே சாப்பிட்டுருவாங்க. உங்க ஆயிரம் கோடிப் பேரு எந்த மடத்துக்குப் போவாங்க?"

வைரவன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"அவங்களுக்கு என்னம்மா போடணும்?"

"நீங்க இலையோரமா ஒதுக்குறீங்களே, அதை. நமக்குச் செரிக்காத நார்தான் அவங்களுக்குச் சோறு. உள்ளே ஏற்கெனவே குடியிருக்கிறவங்களுக்கும் அதுதான்."

"அப்ப இளைச்சிருவேனா?"

"அது எனக்குத் தெரியாது. எல்லா வயிறும் ஒண்ணு இல்லையே."

அன்றோடு வடையும் பூரியும் நின்றன. தினம் ஒரு மாத்திரை மட்டும் தொடர்ந்தது. வாழைத்தண்டு, கீரை, கொள்ளு, சின்ன வெங்காயம் என்று சாப்பாடே மாறிப்போயிற்று. வயிறு லேசானது, நடை கொஞ்சம் சுலபமானது. மார்கழி பிறந்ததும் டாக்டரைப் பார்த்துவிட்டு, தொங்கிப்போன முகத்தோடு மடத்துக்கு வந்தார்.

"நாலு கிலோதாம்மா குறைஞ்சிருக்கு. கடைசி ரெண்டு நாள் தூரம் மட்டும் நடங்கன்னுட்டாரு. முருகனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"நாலும் எதனால குறைஞ்சுது? மாத்திரையாலயா, தண்டாலயா?"

"யாருக்கும்மா தெரியும்?"

"தண்டை யாரு நறுக்கினது?"

"மீனாள்தான். விடிஞ்சதும் அரிவாள்மணையோட உட்கார்ந்துருவா. நூல்மாதிரி இழுபடுறதை மட்டும் விரல்ல சுத்திச் சுத்தி எடுப்பா. ஒரு நாள்கூடச் சலிச்சுக்கலை."

"நேர்த்திக்கடன் எதுக்கு?"

"அவ உயிரோட வந்ததுக்கு."

அம்மாள் சிரித்தார்.

"அவங்கதான் உயிரோட வந்து உட்கார்ந்து உங்களுக்குத் தண்டு நறுக்குறாங்களே. நன்றி சொல்ல இன்னும் எத்தனை கிலோ குறையணும் அண்ணே?"

வைரவன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீனாளைப் பார்க்க வீட்டுக்கு நடந்தார்.