சங்குமுனைக்கு எழுதிய ஓலை

மணல்துறையின் அங்காடி அதிகாரி வீழிநாதருக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய ஆசான் தேனப்பருக்கு நாற்பத்தெட்டு. குரு சீடனைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்று எந்த நூலிலும் விதி இல்லை. வீழிநாதர் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் சேர்ந்தார்.

அன்று அவர் வந்தபோது ஆசான் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உட்காரும். மூச்சு வாங்குகிறதே, ஓடி வந்தீரா?"

"நடந்துதான் வந்தேன், ஐயா. மூன்று வாரமாக மூச்சு இப்படித்தான்."

வணிகர்கள் தமக்குள் பேசிவைத்து விலையை ஏற்றாமல் பார்த்துக்கொள்வது வீழிநாதரின் வேலை. படகின் அடிப்பலகையில் நீர் புகாமல் பூசுகிற கீலை ஐந்து பேர்தான் விற்றார்கள். கடலுக்கு இப்பால் மணல்துறையிலும் அவர்களே, அப்பால் சங்குமுனையிலும் அவர்களே. ஒரே ஆண்டில் மூன்று முறை விலை ஏறியது. இரண்டு துறையிலும் ஒரே நாளில், ஒரே அளவு. வாங்க முடியாதவர்கள் கீல் பூசாமலே கடலுக்குப் போனார்கள். ஆவணியில் ஒரு படகு திரும்பவில்லை. அதில் நான்கு பேர் இருந்தார்கள்.

ஐந்து வணிகரில் ஒருவரான உலகப்பர் மறுநாளே வீழிநாதரிடம் வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஐவரும் கூடித்தான் விலை வைத்தார்கள். கையெழுத்திட்ட உடன்படிக்கை சங்குமுனைக் கிடங்கில் இருக்கிறது.

சங்குமுனை வேறு அரசருடைய நாடு. அங்கே சோதனை போட அந்த ஊர் அங்காடி அதிகாரி சேகனா மரைக்காயருக்குத்தான் அதிகாரம். இரு கரையிலும் ஒரே நாளில், ஒரே வேளையில் கதவைத் தட்ட வேண்டும். ஒரு கரை முந்திக்கொண்டால் மறு கரையில் உடன்படிக்கை அடுப்புக்குள் போய்விடும்.

"மரைக்காயருக்கு எழுதினீரா?" என்றார் ஆசான்.

"எழுதினேன். பதிலும் வந்தது."

ஆசான் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு ஓலைகளையும் வாங்கி உரக்கப் படித்தார்.

"நீர் எழுதியது: 'குறிப்பிட்ட ஒரு பண்டம் தொடர்பாக, குறிப்பிட்ட சிலரைக் குறித்து, உரிய நாளில் உரிய உதவியைத் தங்களிடம் எதிர்பார்க்கிறேன்.' அவர் எழுதியது: 'அந்தக் குறிப்பிட்ட உதவியை உரிய முறையில் செய்யச் சித்தமாக உள்ளேன்.' மூன்று வாரத்தில் இவ்வளவுதானா?"

"இருவருமாகப் பதினோரு ஓலை எழுதிவிட்டோம், ஐயா. எல்லாம் இதே போலத்தான்."

"நடையில் ஒரு குறை சொல்ல முடியாது. என்ன விஷயம் என்றுதான் தெரியவில்லை."

"எப்படித் தெரியும்? பதவியேற்கும்போது வாசற்படியில் நின்று சத்தியம் செய்கிறோம், இங்கே கேட்டது இந்தப் படியைத் தாண்டாது என்று. ஆசானிடம் யோசனை கேட்க மட்டும் விலக்கு உண்டு. அவர்கள் ஊரிலும் அதே சத்தியம்தான்."

"அப்படியானால் உதவியையும் படிக்கு உள்ளே நிற்பவர்களிடமே கேட்டிருக்கலாம்."

வீழிநாதருக்குச் சிரிப்பு வரவில்லை. "யார் ஒப்புக்கொண்டது என்று சொல்லாமல் மரைக்காயர் சோதனைக்கு உத்தரவிட மாட்டார். சொன்னால், அது வெளியே கசிந்தால், மற்ற நால்வரும் உலகப்பரை உயிரோடு விடமாட்டார்கள். என்னை நம்பி வந்தவர். இன்னும் ஒன்பது நாளில் மீன்காலம் தொடங்குகிறது. நாற்பது படகு கீல் இல்லாமல் நிற்கிறது. நின்றால்கூடப் பரவாயில்லை, ஐயா. போவார்கள்."

ஆசான் ஒரு கொத்துக் கீரையை உருவினார்.

"அந்த ரகசியம் யாருடையது?"

"உலகப்பருடையது."

"மரைக்காயரிடம் சொல்லலாமா என்று உலகப்பரைக் கேட்டீரா?"

"அதைக் காப்பது என் கடமை என்று..."

"கேட்டீரா?"

"இல்லை."

"போய்க் கேட்டுவிட்டு வாரும். கீரை வேகட்டும்."

உலகப்பர் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் முழுவதும் திறந்துவிட்டார்.

"இன்னும் சொல்லவே இல்லையா? ஒவ்வொரு பாய்மரம் தெரியும்போதும் இதில் செய்தி வந்துவிட்டது, இன்றோடு தொலைந்தேன் என்று கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! சொல்லித் தொலையும், ஐயா. அந்தப் படகில் போனவர்களில் ஒருவன் என் கிடங்கில் மூட்டை தூக்கியவனின் தம்பி. ஒன்று மட்டும். மரைக்காயர் ஒருவருக்குத்தான். அவருடைய எழுத்தருக்குக் கூடாது."

வீழிநாதர் திரும்பி வந்தார். "சம்மதித்துவிட்டார்."

"பிறகென்ன? எழுதும்."

எழுத்தாணியை எடுத்தார். நாள் எழுதினார். வேளை எழுதினார். கிடங்கு இருக்கும் தெருவையும் எழுதினார். பெயர் எழுத வேண்டிய இடம் வந்ததும் எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"மரைக்காயரை நான் கண்ணால் பார்த்ததில்லை, ஐயா. அவர் கையெழுத்து ஒன்றுதான் தெரியும். அவர் வாய் தவறிவிட்டால்? அடுத்த படகில் உலகப்பரின் மரணமல்லவா வந்து இறங்கும்! அவரும் தங்களிடம் பாடம் கேட்டவராமே. மனிதர் எப்படி? நம்பலாமா?"

ஆசான் சட்டியை இறக்கி வைத்தார். கூரை இடுக்கிலிருந்து ஓர் ஓலையை உருவி நீட்டினார்.

"நேற்று வந்தது."

வீழிநாதர் படித்தார். 'கீல் விலை பற்றி மணல்துறை அங்காடி அதிகாரியிடம் சொல்ல என்னிடமும் ஒன்று இருக்கிறது. அவரும் தங்களிடம் பாடம் கேட்டவர் என்று அறிகிறேன். வெளியே தெரிந்தால் இங்கே ஒரு குடும்பம் அழியும். மனிதர் எப்படி? நம்பலாமா?'

கீழே சேகனா மரைக்காயரின் கையெழுத்து இருந்தது.

வீழிநாதருக்குக் காது மடல் சுட்டது. உடனே விதியைப் பிடித்துக்கொண்டார். "இது தங்களுக்கு எழுதியது. இதை என்னிடம் காட்டலாமா?"

"கடைசி வரியையும் படியும்."

'இவ்வோலையை அவரிடமே காட்டினாலும் எனக்கு மறுப்பில்லை.'

துறையில் சங்குமுனைத் தோணி பாய் ஏற்றிக்கொண்டிருந்தது. தோணிக்காரர்கள் ஆட்களைக் கூவி அழைக்கும் சத்தம் இங்குவரை கேட்டது.

வீழிநாதர் தலை நிமிரவில்லை. "தாங்கள் அவருக்கு என்ன பதில் எழுதினீர்கள்?"

"இன்னும் எழுதவில்லை. நீர் அவருக்கு என்ன எழுதுகிறீர் என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்."