பேசாத குட்டியும் முள்ளக்காவின் முள்ளும்

மலையடிவாரக் காட்டில், தாமரை மண்டிய குளம் ஒன்றின் கரையில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. அந்தக் காட்டில் எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது. மழைக்காலம் தொடங்கியதும் கொப்புளக் காய்ச்சல் வரும். வந்தால் முதலில் குட்டிகளைத்தான் பிடிக்கும்.

அதைத் தடுக்கும் வழி ஒரு முள்ளம்பன்றிக்குத் தெரியும். எல்லோரும் அவளை ‘முள்ளக்கா’ என்றே கூப்பிட்டார்கள். காய்ச்சல் கண்டு பிழைத்த காட்டெருமையின் உடம்பிலிருந்து உதிரும் கொப்புளப் பொருக்கை எடுப்பாள். நீரில் குழைப்பாள். தன் முள் ஒன்றின் நுனியில் தொட்டுக்கொண்டு குட்டியின் காதில் ஒரே குத்து! குட்டி வீல் என்று கத்தும். இரண்டொரு நாள் உடம்பு கதகதவென்று இருக்கும். அவ்வளவுதான். பிறகு காய்ச்சல் அந்தக் குட்டியின் பக்கம் எட்டிப் பார்க்காது.

மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குட்டியைத் தாய் புதருக்குள் ஒளித்து வைப்பாள். செந்நாய் காதில் விழுந்துவிடும் என்பதால் குட்டி அங்கே சத்தம் போடக் கூடாது. தாய் மட்டும் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். குட்டி புல் கடிக்கத் தொடங்கியதும் கூட்டத்துக்கு அழைத்து வருவாள். அன்றைக்கே முள்ளக்காவிடம் குத்து. அதற்குப் பிறகுதான் குட்டி வாயைத் திறந்து அம்மாவைக் கூப்பிடப் பழகும்.

மருதி என்ற மானின் மகன் குருத்து மட்டும் குத்துக்குப் பிறகும் கூப்பிடவே இல்லை. மற்ற குட்டிகள் துள்ளி விளையாடும்போது அவன் கரையில் நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தாமரை இலையில் துளி உருண்டால் அவனுக்கு ஒரே குஷி. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். யாராவது உரசினால் பதறி விலகுவான்.

“என்னடி மருதி, உன் பையன் ஒரு மாதிரியா இருக்கானே!” என்று மரத்திலிருந்து கேட்டாள் மந்தி.

மருதி குருத்தை மறைத்தபடி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் புனுகுப்பூனை. அவன் வருவதற்கு முன்னால் அவன் வாசனை வரும். தூரத்து மலையெல்லாம் சுற்றியவன் என்று அவனே சொல்லிக்கொண்டான். எல்லோரும் ‘புனுகய்யா, புனுகய்யா’ என்று சூழ்ந்துகொண்டார்கள்.

அவன் குருத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

“அடப் பாவமே! புதருக்குள்ளே இருந்தவரைக்கும் இந்தப் பிள்ளை எவ்வளவு நல்லா இருந்தான்! முள் குத்தினாங்க, பேச்சு போச்சு. இன்னுமா உங்களுக்குப் புரியலை?”

“ஆமா! குத்தின பிறகுதானே இவன் இப்படி!” என்று கத்தினாள் மந்தி.

“ஆமாம், ஆமாம்!” என்றது கூட்டம்.

“முள்ளே வேண்டாம்! நான் தர்ற காப்புக்கொடியைக் கழுத்தில கட்டுங்க. அதோட வாசனைக்கே காய்ச்சல் ஓடிடும். ஒரு கொடிக்கு ஒரு குலை அத்திப்பழம் போதும். எல்லாம் உங்க குட்டிகளுக்காகத்தான்!”

மருதி ஒன்றும் பேசவில்லை. குற்றம் சொல்ல ஒரு முள் கிடைத்ததே என்று மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அந்த ஆறுதலுக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது.

முள்ளக்காவின் வளைக்கு முன்னால் கூட்டம் குறைந்தது. பிறகு யாருமே வரவில்லை.

மழை நெருங்கியது. மருதியின் இளையவள் துளிர் புதருக்குள்ளே புல் கடிக்கத் தொடங்கிவிட்டாள். அவளைக் குத்துக்கு அழைத்துப் போக வேண்டிய நேரம். தன் குட்டிகளோடு முயல் ஓடிவந்தாள்.

“மருதியக்கா, நீங்க எதைச் செய்றீங்களோ அதைத்தான் நானும் செய்யப்போறேன். பாதிக்கப்பட்டவங்க நீங்கதானே! உங்களுக்குத் தெரியாததா?”

மருதி துளிர் இருந்த புதரைத் திரும்பிப் பார்த்தாள். தன் குட்டி மட்டுமல்ல, இப்போது முயலின் குட்டிகளும் தன் தலையில்! நேராக முள்ளக்காவிடம் போனாள்.

“உண்மையைச் சொல்லுங்க அக்கா. உங்க முள்தான் என் பையனை இப்படி ஆக்கிடுச்சா?”

“இல்லைன்னுதான் நினைக்கிறேன். ஆனா நான் சொன்னா, முள்ளுக்காரி முள்ளுக்குத்தானே பரிஞ்சு பேசுவான்னு சொல்வாங்க” என்றாள் முள்ளக்கா.

மருதி யோசித்தபடியே நடந்தாள். முள்தான் காரணம் என்றால், முள் படாத கூட்டத்தில் குருத்தைப் போல ஒரு குட்டிகூட இருக்கக் கூடாதே! முள் படாத கூட்டம் எங்கே இருக்கிறது?

ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அந்த அகன்ற ஆற்றைத் தாண்டி முள்ளக்கா ஒருநாளும் போனதில்லை.

மருதி துளிரைப் புதரில் படுக்க வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். நீரோட்டம் இழுத்தது. மூச்சு முட்ட நீந்திக் கரையேறினாள்.

அக்கரையில் சுரளி என்ற மான் எதிர்ப்பட்டாள். அவள் பின்னால் ஒரு குட்டி நின்று, மூங்கில் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தது. மருதி கூப்பிட்டாள். அது திரும்பவில்லை.

“அவ அப்படித்தான். கூப்பிட்டா வரமாட்டா. முன்னால போய் நின்னா தானா வருவா. எங்க கூட்டத்துல இந்த மாதிரிக் குட்டிங்க எப்பவும் உண்டு. அதுக்கென்ன இப்போ?” என்றாள் சுரளி.

“இவளுக்கு முள் குத்தினீங்களா?”

“முள்ளா? அப்படின்னா?”

மருதி அந்தக் குட்டியின் காதை உற்றுப் பார்த்தாள்; முள் தடமே இல்லை. பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். அவ்வளவு பெரிய மேய்ச்சலில் மான்கள் நிறைய இருந்தன. குட்டிகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன.

“மத்த குட்டிங்கல்லாம் எங்கே?”

“போன மழையில காய்ச்சல் வந்தது” என்றாள் சுரளி. அவள் குரல் தாழ்ந்தது. “என்னோட மூத்தவளும் அதுலதான் போனா.”

மருதி திரும்பி வந்தபோது, குளக்கரையில் புனுகுப்பூனை கொடி கட்டிக்கொண்டிருந்தான்.

“புனுகய்யா, ஒரு கேள்வி! முள் படாத குட்டிங்களைப் பார்த்தீங்களா? அதுல பேசாத குட்டி இருக்கான்னு தேடினீங்களா?”

“அதுகளை நான் எதுக்குப் பார்க்கணும்? அதுகளுக்குத்தான் முள்ளே படலையே!”

“நான் பார்த்துட்டு வந்தேன். அக்கரையில முள்ளே கிடையாது. அங்கேயும் என் குருத்து மாதிரி குட்டி இருக்கு!”

“ஒருத்தி சொன்னா போதுமா?” என்று சிரித்தான் அவன்.

“அப்போ நீங்க ஒருத்தர் சொன்னது எப்படிப் போதும்? இன்னொண்ணும் கேளுங்க. புதருக்குள்ளே அவன் நல்லா இருந்தான்னு சொன்னீங்க. அங்கே அவனைப் பார்த்தது நான் ஒருத்திதான்! பால் கொடுக்கப் போய் மெல்லக் கூப்பிடுவேன். அப்பவே அவன் திரும்ப மாட்டான். எறும்பு போறதைப் பார்த்துட்டிருப்பான். முள் படுறதுக்கு முன்னாலேயே என் பையன் இப்படித்தான். அன்னைக்கே நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்.”

கொடி கட்டக் காத்திருந்தவர்கள் மருதியின் பக்கம் திரும்பினார்கள்.

“அப்போ உன் பையனுக்கு என்னதான்டி நோய்?” என்றாள் மந்தி.

“நோயா? அவன் அப்படிப் பிறந்தவன். அவ்வளவுதான். அவனுக்கு என்ன வேணும்னு கத்துக்க வேண்டியது நாமதான்.”

மருதி துளிரை அழைத்து வந்து முள்ளக்காவின் முன்னால் நிறுத்தினாள். முள் மேலே எழும்பியது. மருதி ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. ஒரே குத்து! துளிர் வீல் என்று கத்தினாள்.

“அடுத்தது நாங்க!” என்று முந்திக்கொண்டாள் முயல். அவளுக்குப் பின்னால் மான்கள் நின்றன. கடைசியில் மந்திகூடத் தன் குட்டியை இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“முட்டாள்களா! மழை வரட்டும், பார்ப்போம்!” என்று சொல்லிவிட்டுப் போனான் புனுகுப்பூனை.

குட்டிகளின் காதுக் காயங்கள் ஆறிய பிறகு மழை வந்தது. காய்ச்சலும் வந்தது. குளக்கரைக் குட்டிகள் சேற்றில் குதித்து ஆட்டம் போட்டன. புனுகுப்பூனை குடியிருந்த மேட்டுக்காட்டில் மட்டும் ஏதோ குட்டி முனகும் சத்தம் கேட்டது.

அன்று நனைந்துகொண்டே முள்ளக்காவின் வளைக்கு ஓடிவந்தான் புனுகுப்பூனை. வாயில் ஒரு குட்டி, முதுகில் ஒரு குட்டி. இரண்டையும் இறக்கி வைத்தான்; இரண்டின் கழுத்திலும் கொடி.

“அக்கா... பக்கத்து வளையில காய்ச்சல் வந்திடுச்சு. என் குட்டிகளுக்கு இன்னும் ஒண்ணும் இல்லை. தயவு பண்ணுங்க!”

“என்ன புனுகய்யா, கொடியில வாசனை போயிடுச்சா?” என்று மரத்திலிருந்து கேட்டாள் மந்தி.

“கத்தாதே மந்தி, குட்டிங்க பயப்படுதுங்க” என்றாள் முள்ளக்கா. கொடிகளை அறுத்துப் போட்டாள். “கொஞ்சம் லேட்டாத்தான் வந்திருக்கே. ஆனாலும் குத்தலாம். எங்கே, காதைக் காட்டு கண்ணு!”

மருதி அதைப் பார்த்தாள். துளிரைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனாள். குருத்து மழைத்துளிகள் நீரில் வட்டம் போடுவதைப் பார்த்து நின்றான். அவள் கூப்பிடவில்லை. முன்னால் போய் நின்றாள். சற்று நேரத்தில் அவனே வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முன்னதன் மேல் பழியைப் போடுவதற்கு முன், அந்த முன்னது நடக்காத இடத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.